மூன்று கரண்டி பாயசம்

அய்யா துணை

அருமனை,
பங்குனி 4.

அன்பு மகள் சபிதாவுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மருமகன் ரதீஷும் நல்ல சுகத்தோடு இருக்க அய்யாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் அதுபோல் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம், ஆனால் இன்றைக்குக் கை அதை எழுத மாட்டேன் என்கிறது. அதனால் உன் சுகத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பின்னே எதற்கு இந்தக் கிழவி காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ உடனே அழாதே அம்மா என்று சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவாய். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம் மக்களே. நம் பக்கத்து வீட்டு ஆன்ஸ்லின் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான். அவனிடம் ஏத்தங்காய் வற்றலும் நல்லமிளகும் கொடுத்துவிடுகிறேன், அந்தப் பொட்டலத்துக்குள் இது இருக்கும். மருமகன் வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து படி.

அப்பாவுக்குச் சர்க்கரை இன்னும் இறங்கவில்லை. சீனி போடாத சாயா என்று வீட்டில் பெரிய தவசி போல் குடித்துவிட்டு ஜங்ஷனில் போய்ப் பழம்பொரி தின்கிறார், கடைக்காரனே என்னிடம் வந்து சொல்கிறான். திட்டினால் ஒரு வாரம் அடங்குகிறார். இப்போது இரண்டு மாதமாக நான் திட்டவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருக்கிறது போலும், தானாகவே கோதுமைக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடிக்கிறார். தெற்கே நிற்கிற பிலாமரத்தில் இந்த வருடம் காய் குறைவு. வேறு வீட்டு விசேஷம் ஒன்றும் இல்லை.

நம் அறக்கட்டளைக்கு இந்தத் தையோடு ஏழு வருடம் முடிந்தது. ஆண்டறிக்கையை வழக்கம்போல் என்னையே எழுதச் சொன்னார் நாராயணபெருமாள் அண்ணன். கைகால் வழங்காத தன் மகனை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துக்கொள்ளாத கோபத்தில் அவர் தொடங்கிய இடம் அது, அறிக்கை என்றால் ஒரு வார்த்தை தவறக் கூடாது அவருக்கு. எழுத நல்லது நிறையவே இருந்தது. முந்திரிப்பருப்பு உடைத்துக்கொண்டிருந்த அந்தப் பழைய அண்டி ஆபீசுக்குக் கூரை மாற்றினோம், மழைக்குப் பயந்து பிள்ளைகளின் பாயை மூலைக்கு மூலை இழுக்கிற பாடு ஒழிந்தது. பகவதியப்பன் ஆசாரி தானாக உட்கார முடியாத ஒவ்வொரு பிள்ளையின் முதுகையும் இடுப்பையும் அளந்து ரப்பர் மரத்தில் பதினோரு நாற்காலி செய்து தந்தார். இனயத்திலிருந்து ஒரு அப்பா கடலுக்குப் போகாமல் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்துகொண்டிருந்தார், இப்போது நம் வேன் கருங்கல் ஜங்ஷன் வரைக்கும் போய் அந்தப் பிள்ளையை ஏற்றிக்கொள்கிறது. உன் பாடமும் அறிக்கையில் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ மஸ்கட் ஆஸ்பத்திரியிலிருந்து லீவில் வந்து நாலு நாள் உட்கார்ந்து, விழுங்க முடியாத பிள்ளைகளுக்கு எப்படி ஊட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தாயே, சுவரில் உன் கையெழுத்திலேயே ஒட்டியும் வைத்தாயே, அது இன்னும் அங்கேயே இருக்கிறது. நிமிர்த்தி உட்கார வை. தாடை கீழே பார்க்கட்டும். சின்னக் கரண்டி. விழுங்கியதைக் கண்ணால் கண்ட பிறகு அடுத்த வாய். கரண்டியைச் சரித்தால் சொட்டுகிற எதையும் கொடுக்காதே, அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். எனக்குப் பார்க்காமலே ஒப்பிக்கத் தெரியும்.

இந்த வருடம் நான் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்றும் இருந்தது. அம்மாமாருக்கு மாதத்தில் ஒரு நாள் ஓய்வு. பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், எங்கே போனாய் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒருத்தி மார்த்தாண்டம் போய் வளையல் வாங்கி வந்தாள். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் தூங்கினேன் டீச்சர் என்று ஏதோ திருடியதைச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னாள். எல்லாரும் ஒரு முறையாவது போய்விட்டார்கள், சுஜா ஒருத்தியைத் தவிர. தன்யாவின் அம்மா சுஜா. உனக்குத் தன்யாவை நன்றாகத் தெரியும், வீடியோவில் உன் குரலைக் கேட்டாலே காலை உதைத்துச் சிரிக்குமே அந்தப் பிள்ளை. பதினோரு வயது, கழுத்து நிற்காது, பேச்சு வராது, ஆனால் அந்தச் சிரிப்புக்கு ஊரை எழுதி வைக்கலாம். சுஜா அவளுக்குத் தண்ணீரைக்கூடக் கூவைக்கிழங்கு மாவு காய்ச்சிக் கலந்து கட்டியாக்கித்தான் கொடுப்பாள். பதினோரு வருடமாக அவள் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தது கிடையாது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தால் பக்கத்து இலைக்காரர்கள் நகர்ந்து போகிறார்கள் என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்.

தை இரண்டாவது ஞாயிறு அவளுடைய அண்ணனுக்குத் திருவட்டாறில் கல்யாணம். அன்றைக்கே நம் ஆண்டு விழாவும். போக மாட்டேன் என்றவளை நான்தான் விரட்டி விரட்டிச் சம்மதிக்க வைத்தேன். தன்யாவை என்னிடம் விடு, முப்பத்திரண்டு வருடம் அங்கன்வாடியில் ஊட்டிய கை இது, நான் ஊட்டி வளராத பிள்ளை இந்த ஊரில் யார் இருக்கிறான் காட்டு என்றேன். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து நாற்காலியில் இருத்திவிட்டுக் கட்டியாட்டு மட்டும் குடுங்க டீச்சர், தண்ணி போல ஒண்ணும் வேண்டாம், கேட்டியளா என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது சபிதா. ஏட்டி, எனக்கிட்டயே பாடம் சொல்லுதியா, எனக்க மக படிப்பிச்சுத் தந்த பாடமாக்கும் இது, நீ போயிட்டு வா என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் அந்தக் கோபம் உள்ளே கிடந்தது. அது என் கூடப்பிறந்தது, உனக்குத் தெரியாததா.

மத்தியானம் விருந்து. நூற்றைம்பது பேர், பந்தி பந்தியாகப் போகிறது. தன்யாவுக்கு நான் குழைத்த சோறும் பருப்பும் நெய்யும் மசித்து, நீ சொன்னபடியே ஒவ்வொரு வாயாக ஊட்டி முடித்தேன். அப்போது பால்பாயசம் வந்தது. இலையில் விட்டிருந்தால் நம் ஆட்கள் எல்லாரையும்போல நானும் மட்டிப்பழத்தையும் பப்படத்தையும் போட்டுப் பிசைந்திருப்பேன், அது கூழ்போல் ஆகியிருக்கும், அவளும் விழுங்கியிருப்பாள். பிள்ளைகளுக்கு இலையில் விட்டால் ஓடிவிடும் என்று இந்த வருடம் காகிதக் கப்பில் கொடுத்தார்கள். அப்படிச் செய்யச் சொன்னதும் நான்தான். கப்பு என் கையில் இருந்தது. தன்யா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். சுற்றிலும் எல்லாப் பிள்ளைகளும் குடிக்கின்றன. இது ஒன்றுக்கு மட்டும் என்ன பாவம் என்று தோன்றியது. கரண்டியைச் சரித்துப் பார்க்கவில்லை. சுவரில் நீ ஒட்டிய காகிதம் எனக்கு எதிரில்தான் இருந்தது. ஒரு கரண்டி கொடுத்தேன். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல, கண்ணை இறுக மூடிக்கொண்டு உடம்பு முழுக்கச் சிரித்தாள். இரண்டாவது கரண்டிக்கு இருமினாள், இரண்டு தடவை, கண்ணில் தண்ணீர் வந்தது. முதுகைத் தட்டிவிட்டேன், சரியாகிவிட்டது. மறுபடி வாயைத் திறந்தாள். மூன்றாவதும் கொடுத்தேன்.

இருமியதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அரிசி களையும்போதும் நினைக்கிறேன், தாங்கலில் அய்யாவைக் கும்பிட்டு நிற்கும்போதும் நினைக்கிறேன். சாயங்காலம் சுஜா பட்டுச்சேலையும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக வந்தாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. முதல் பந்தியிலேயே இருந்து மோர் வரைக்கும் சாப்பிட்டேன் டீச்சர், ரெண்டு கையும் சும்மா இருந்துது, என்ன செய்யணும்னே தெரியல்ல என்று சிரித்தாள். தன்யா எப்படி இருந்தாள் என்று கேட்டாள். நல்லா இருந்தா என்றேன். அந்தச் சந்தோஷத்தில் மண் அள்ளிப் போட மனசு வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் பெயர் கெட்டுவிடுமே என்றுதான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல். பிறகு மூச்சு இழுப்பு. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள், நெஞ்சில் சளி கட்டிவிட்டது, இந்தப் பிள்ளைகளுக்கு நெஞ்சு பலம் குறைவு என்றார் டாக்டர், அவர்களும் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். பத்தாம் நாள் போய்விட்டாள். அன்றைக்குப் போனில் நீ அழுதாய். அழுது முடித்து, அம்மா, தண்ணியா எதாவது உள்ள போச்சா என்று கேட்டாய். நான் இல்லை என்றேன். சபிதா, பெற்ற மகளிடம் அம்மா பொய் சொன்னேன். நீ படித்துச் சொல்லித் தந்ததைக் கேட்காமல் ஒரு உயிருக்கு ஆபத்து வரவழைத்துவிட்டு, உன்னிடமே இல்லை என்று சொன்னேன். நீயும் நம்பினாய். ஐப்பசியிலும் அவளுக்கு ஒரு தடவை நெஞ்சுச்சளி வந்திருக்கிறது, இது பாயசத்தால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று இதைப் படித்ததும் நீ சொல்வாய், உன் படிப்பு அப்படித்தான் சொல்லும். இருக்கலாம். ஆனால் என் கை செய்தது எனக்குத் தெரியுமே.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சுஜாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்தது, அவள் வீட்டுக்காரர் பத்மகுமார் அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் தலைகுனிந்து இருந்தார். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் முதல் அவர் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகவில்லையாம், வேறு ஆள் போட்டிருக்கிறார்கள். சுஜா என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் திருவட்டாறிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்களிடம், இவங்களாக்கும் எங்க டீச்சர், இவங்க இல்லேன்னா எனக்க அண்ணனுக்க கல்யாணத்த நான் கண்டிருக்க மாட்டேன் என்று சொன்னாள். எல்லாரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. கட்டன் காப்பி கொடுத்தார்கள், அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். போன வருடம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், இந்த வருடமும் முப்பத்தெட்டு. தன்யா போனாள், மாசியில் மூன்று வயது ஆண்பிள்ளை ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. கூட்டிப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. செல்வி தன்யா உடல்நலக் குறைவால் என்று ஒரு வரி எழுத வேண்டும். உடல்நலம் வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னா பிள்ள திரும்பி வருமா என்று கேட்டார். வராது என்றேன். பின்ன எதுக்கு அவளுக்க நெஞ்சில இதையும் கொண்டு போடணும் என்றார். ஆனால் அவள் ஊரார் என்னைக் கும்பிடும்படி வைக்கிறாளே, அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு எப்படி இருப்பது. மறுநாள் அவரே ஸ்கூட்டரை எடுத்தார், என்னைச் சுஜாவின் வீட்டுப் பக்கம் இறக்கிவிட்டு ரோட்டிலேயே நின்றுகொண்டார்.

சுஜா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தன்யாவின் கழுத்தில் கட்டுகிற துண்டுகள், ஒரு பக்கெட் நிறைய. ஏற்கெனவே துவைத்தவைதான், மறுபடி துவைக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது. நின்றபடியே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவள் சோப்புக் கையைத் துடைக்கவில்லை. எத்தற கரண்டி என்று கேட்டாள். மூணு என்றேன். கத்துவாள், மண்ணை வாரி எறிவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள், அவளுக்குப் பிடிச்சுதா டீச்சர் என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள், மூணாவதுக்கும் வாய் தொறந்தாளா என்று. தொறந்தா, கண்ண மூடிட்டுச் சிரிச்சா மக்களே என்றேன். சுஜா அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருசம் ஒரு துளி குடுக்கல்ல டீச்சர், ஒவ்வொரு ஓணத்துக்கும் நாங்க குடிக்கியதையே பாத்துட்டுக் கிடப்பா, நான் அவளுக்கு முதுகு காட்டித் திரும்பி இருந்து குடிப்பேன் என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. அதே குரலில்தான், நீங்க இனி இந்த வீட்டுக்கு வராண்டாம் என்றும் சொன்னாள். பிறகு துண்டுகளைப் பிழிய ஆரம்பித்தாள். நான் ரோட்டுக்கு வந்து ஸ்கூட்டரில் ஏறினேன்.

நான்கு நாள் கழித்து நாராயணபெருமாள் அண்ணன் வந்தார். சுஜா அவரிடம் போயிருக்கிறாள். டீச்சர் இத எனக்கு மட்டும் சொன்னாப் போராது, எல்லா அம்மாமாருக்கும் அவங்க வாயாலயே சொல்லணும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அறக்கட்டளைக்குக் கெட்ட பெயர் வருமே என்று அண்ணனுக்குத் தயக்கம். கோபமும் இருந்தது, இத்தனை நாள் என்னிடம்கூட மறைத்துவிட்டாயே தாணம்மா என்றார். அம்மாமாரைக் கூப்பிடுங்க அண்ணா, நான் சொல்லுதேன் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. நீ ஒட்டிய காகிதத்துக்கு அடியில் நின்று சொன்னேன். சுஜா கடைசி வரிசையில் வந்து இருந்தாள், மடி வெறுமையாக. காகிதக் கப்பு, கரண்டி, இருமல் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். இருமினால் நிறுத்த வேண்டும், நான் நிறுத்தவில்லை என்றேன். அப்புறம் அந்த இனயத்துப் பிள்ளையின் அம்மா எழுந்து, நானும் அவ அழுதா சாயா குடுப்பேன் டீச்சர், இருமத்தான் செய்யா, சளின்னு நெனச்சேன் என்றாள். இன்னொருத்தி எழுந்தாள், இன்னொருத்தி எழுந்தாள். மொத்தம் ஏழு பேர். ஏழு வீட்டில் இது நடந்துகொண்டு இருந்திருக்கிறது, இரண்டு வருடமாகச் சுவரில் காகிதமும் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. சுஜா எழுந்து முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து கூவைமாவு எடுத்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மாவு, எப்படிக் காய்ச்சுவது, எப்போது இறக்குவது என்று அடுப்பு மூட்டிக் காட்டினாள். கரண்டியைச் சரித்துக் காட்டினாள். எல்லாம் முடிந்ததும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். அவள் என்னிடம் பேசுவாள் என்று நான் காத்திருக்கவில்லை, அதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது.

இப்போது நான் அங்கே ஊட்டுவதில்லை. காய் நறுக்குகிறேன், பாய் மடக்குகிறேன், துணி துவைக்கிறேன். புதிதாக வந்த அந்தச் சின்னப் பயல் என் முந்தானையைப் பிடித்து இழுத்து வாயைத் திறந்து காட்டுகிறான், நான் ரெஜிலாவைக் கூப்பிட்டு விட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறேன். ரெஜிலா நல்ல பெண், நர்சிங் படித்தவள், கவனமாக ஊட்டுகிறாள். அறிக்கையில் அந்த வரியையும் எழுதி முடித்துவிட்டேன், நடந்தது நடந்தபடி. அண்ணன் படித்துவிட்டு ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

மக்களே, இதைப் படித்துவிட்டு என்மேல் உனக்குக் கோபம் வந்தால் நியாயம்தான், அந்தக் கோபத்தை அடக்காதே. சமாதானம் சொல்ல மட்டும் போன் செய்யாதே. நீ வேலை வேலை என்று காலையில் சாப்பிடாமல் ஓடுவதை நிறுத்து, ஏ.சி.யிலேயே கிடக்காமல் வாரம் ஒரு தடவையாவது தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளி. மருமகனிடம் இதை மறைக்க வேண்டாம், அவரும் தெரிந்துகொள்ளட்டும். உன் கை தொட்ட பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்க வேண்டும், உன் வயிற்றிலும் ஒரு பிள்ளை வர வேண்டும், அய்யா உன்னையும் மருமகனையும் நிழலாக நின்று காக்கட்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. அங்கே ஆஸ்பத்திரியில் அம்மாமாருக்குப் பாடம் எடுக்கும்போது இந்தக் கதையைச் சொல். எங்கேயோ ஒரு ஊரில் ஒருத்தி என்று சொல்லாதே. என் அம்மா என்று சொல். எல்லாம் தெரிந்தவள், முப்பத்திரண்டு வருடம் ஊட்டியவள், பிரியத்தில்தான் கொடுத்தாள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
மு. தாணம்மாள்